ஆறாவது மணி நேரத்துக்கு ஏற்ற பைக்

உங்கள் கேள்வி இது. மூன்று வருடமாக 150 சிசி பைக் ஓட்டுகிறீர்கள். வேலைக்குப் போய்வரத்தான் வாங்கினீர்கள். ஓட்டுவது எப்போதும் தனியாகத்தான். போன மாதம் முதல்முறையாக ஒரே நாளில் 280 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள். வீடு திரும்பியபோது வலது கை மரத்துப்போயிருந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே அடுத்த பயணத்தைப் பற்றித்தான் நினைப்பு. நண்பர்களில் ஒருவர் 400 சிசி எடு என்கிறார், இன்னொருவர் ஒரேயடியாக 650-க்குப் போய்விடு என்கிறார், மூன்றாமவர் இருக்கிற வண்டியே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

அந்த மறுநாள் நினைப்பு இருக்கிறதே, முதலில் அதை மதியுங்கள். உடம்பு நொந்த பிறகும் மனம் சாலையிலேயே கிடக்கிறதென்றால் உங்களுக்கு இந்த ஆசை உண்மையாகவே வந்துவிட்டது. நெடுந்தூரம் போகிற வண்டி வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் சிசியை வைத்து யோசிக்கத் தொடங்கினால் தப்பான வண்டியில் போய் நிற்பீர்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: ஆறாவது மணி நேரத்தில் இந்த வண்டி என்னை எந்த நிலையில் வைத்திருக்கும்?

ஷோரூம் வாசலிலிருந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எல்லா பைக்கும் அருமையாகத்தான் இருக்கும். ஆறாவது மணி நேரத்தில் கண் எரியும், தோள் இறுகியிருக்கும், பொழுது சாய்ந்திருக்கும், எதிரே வரும் விளக்குகள் கூசும். அப்போதும் ஒரு வளைவைச் சரியாகக் கணிக்கவும், குறுக்கே நாய் வந்தால் பதறாமல் பிரேக் பிடிக்கவும் உங்களிடம் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். அந்த மிச்சத்தை உங்களுக்கு விட்டுவைக்கிற வண்டி எதுவோ அதுதான் நெடும்பயண வண்டி.

உங்கள் மரத்துப்போன கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கும் அங்கிருந்துதான் தொடங்கியது. என் முதல் நீண்ட பயணத்தில் பெட்ரோல் போட நிறுத்தினேன். ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் போனால் விரல் கொக்கியைத் தொடுகிறது, ஆனால் தொடுவது தெரியவில்லை. இடது கையால் தடவித் தடவித்தான் கழற்றினேன். உணர்ச்சியில்லாத அதே விரல்களைத்தான் கடைசி நாற்பது கிலோமீட்டரும் முன் பிரேக்கின் மேல் வைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்கு எனக்கு நல்ல நேரம், அவ்வளவுதான்.

கை மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. இன்ஜின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறுவது, நாம் பிடியை இறுக்கிப் பிடிப்பது, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருப்பது. இதில் இரண்டை இன்றைக்கே காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். வண்டியில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டுங்கள். விரல்களும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்போது பிரேக் லீவரும் கிளட்ச் லீவரும் விரலுக்கு நேராக வரவேண்டும். பலருக்கு அவை மேலே தூக்கி நிற்கும். ஆலன் கீயால் தளர்த்திக் கொஞ்சம் கீழே திருப்பினால் மணிக்கட்டு நிமிரும். அடுத்து பிடி. முழங்கால்களால் டேங்கைப் பிடித்து, உடம்பின் பாரத்தை இடுப்பிலும் தொடையிலும் நிறுத்துங்கள். கைகள் குருவிக்குஞ்சைப் பிடித்ததுபோல் இருக்கட்டும். பாரத்தைக் கையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவருக்கு எந்த பைக் வாங்கிக்கொடுத்தாலும் கை மரத்துப்போகும்.

மிச்சமிருக்கும் காரணமான அதிர்வுதான் வண்டி மாற்றும் பேச்சுக்கு நியாயம் சேர்ப்பது. 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் 12 முதல் 18 குதிரைத்திறன் வரை தருபவை. ஊருக்குள் இது தாராளம். திறந்த சாலையில் கதை வேறு, அங்கே எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனமாக ஏறும். 70 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு, அதைத் தள்ளத் தேவையான திறன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால்தான் 70-ல் சொகுசாக ஓடும் சின்ன வண்டி 100-ல் மூச்சிரைக்கிறது. இன்ஜின் தன் எல்லைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அந்தத் துடிப்பு முழுக்க உங்கள் கைக்கும் பாதத்துக்கும் வரும். ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரில் முறுக்க எதுவும் பாக்கி இருக்காது.

அப்படியானால் சின்ன வண்டியில் தூரம் போகமுடியாதா? போகலாம். ஆங்கிலேயப் பத்திரிகையாளர் டெட் சைமன் 1973-ல் புறப்பட்டு நான்கு வருடம் உலகைச் சுற்றிவந்தது 500 சிசி டிரையம்ஃப் டைகர் 100-ல். இன்றைய கணக்குப்படி அதன் திறன் நடுத்தர வண்டிக்குரியதுதான். ஹோண்டா கப் போன்ற நூற்றுச் சொச்சம் சிசி வண்டிகளில் கண்டங்களைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான், வண்டிக்குப் பிடித்த வேகத்தில் போனார்கள். உங்கள் 150-க்குப் பிடித்த வேகம் 65, 70 என்றால், பிரதான நெடுஞ்சாலையை விட்டு உள்சாலைகளில் அதே வேகத்தில் ஒருநாள் போய்ப்பாருங்கள். உங்கள் வலியில் பாதி அங்கேயே காணாமல் போகலாம். அப்படிப் போனால் உங்களுக்குத் தேவைப்பட்டது வேறு பாதைதான் என்று தெரிந்துவிடும். பாதை மாறியும் வலி போகவில்லையா, அல்லது உங்களுக்கு நெடுஞ்சாலை வேகம்தான் வேண்டுமா, அப்போது அடுத்த வண்டியைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

இடையில் இன்னொரு சோதனையும் உண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது இன்ஜின் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரத்தில், ஒரு பல் கூட்டிப் போடுவது. 14 பல் இருந்த இடத்தில் 15 போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று சுமார் 7 சதவீதம் குறையும், 6,000 சுற்றில் ஓடியது 5,600-க்கு இறங்கும். பிக்கப் கொஞ்சம் மந்தமாகும், ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டிவரும், சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் காட்டுவதும் மாறும். செயின் கவருக்குள் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு இடமிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. குறைந்த சுற்றில் ஓடும் இன்ஜின் உங்கள் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைக் குறைந்த செலவில் தெரிந்துகொள்ள ஒரு வழி.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீண்ட ஓட்டம் முடிந்த அன்றே எழுதுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டரில் எங்கே வலித்தது, எந்த வேகத்தில் வண்டி நிம்மதியாக ஓடியது, எந்த இடத்தில் ‘இது மட்டும் இருந்திருந்தால்’ என்று தோன்றியது. மூன்று பயணம் எழுதினால் போதும். நண்பர்கள் மூவரும் சொன்னதைவிட அந்த மூன்று பக்கம் உங்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும். கையும் பாதமும் என்று எழுதியிருந்தால் இன்ஜினைப் பாருங்கள். கழுத்து, காது, தலைவலி என்றால் காற்றைப் பாருங்கள். இடுப்பும் பின்புறமும் என்றால் சீட்டையும் உட்காரும் விதத்தையும் பாருங்கள்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிசி என்ற ஒற்றை எண் பலவற்றை மறைத்துவிடுகிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி எடை குறைவு, பராமரிப்பு சுலபம், கீழ்ச்சுற்றிலேயே நல்ல இழுவை. ஒரே பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் அதிர்வு அதன் பிறவிக் குணம். எதிரெடையோடு சுற்றும் பேலன்ஸர் ஷாஃப்ட் போட்டு அடக்குகிறார்கள், முழுக்க அடங்காது. 400 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டிகள் 90, 100 வேகத்தில் நன்றாகவே ஓடும், அதற்கு மேல் துடிப்பு ஏறும். இரட்டை சிலிண்டரில் பாரம் இரண்டாகப் பிரிகிறது. அதிலும் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டில் அவை எந்தக் கோணத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில் குணம் மாறும். பழைய பிரிட்டிஷ் ட்வின்கள் 360 டிகிரி, பிஸ்டன் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், அதிர்வும் அதிகம். கவாஸாகி வெர்ஸிஸ் 650 போன்றவை 180 டிகிரி, ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும், மேல்சுற்றில் ஆவலாக ஓடுபவை. யமஹா 1995-ல் டிஆர்எக்ஸ்850-ல் 270 டிகிரி கிராங்க்கைக் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் 90 டிகிரி வி-ட்வின் துடிக்கும் அதே தாளத்தை நேர்வரிசை இரட்டை சிலிண்டருக்குத் தந்த ஏற்பாடு அது. இன்று ராயல் என்ஃபீல்டின் 650-களும் ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வினும் அந்த வழியில்தான் வருகின்றன. பின் சக்கரம் சாலையை எப்படித் தள்ளுகிறது என்பது கையில் தெளிவாகத் தெரியும், களைத்த நேரத்தில் அந்தத் தெளிவு பெரிய துணை.

அதனால் பட்டியலில் உச்சத் திறன் எத்தனை குதிரை என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் நாளெல்லாம் ஓட்டப்போகும் வேகத்தில், கடைசி கியரில், இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது, அங்கிருந்து கியர் குறைக்காமல் ஒரு வண்டியைத் தாண்ட இழுவை இருக்கிறதா என்று பாருங்கள். நெடும்பயணத்தில் உச்சத் திறனைத் தொடும் நேரம் மிகக் குறைவு. நடுச்சுற்று இழுவையில்தான் நாள் முழுக்க வாழ்கிறோம்.

இப்போது எடை. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். என் இரண்டாவது வண்டி நான் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய வண்டி. சாலையில் ஓடும்போது மிதந்தது. ஒருநாள் மலைப்பாதையில் வழி தவறி, சரிவான ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்ப நிறுத்தினேன். கீழே பொடி ஜல்லி. வலது காலை ஊன்றினேன், சரிவு அந்தப் பக்கம் என்பதால் கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. இரண்டங்குலம்தான் வித்தியாசம். வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது, பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டை பிசகியது, அடுத்த இரண்டு மாதம் எந்த வண்டியும் ஓட்டவில்லை. வேகம் பூஜ்யம்.

ஓடுகிற வண்டியின் எடை நமக்குத் தெரியாது, நிற்கிற வண்டியின் எடைதான் தெரியும். பயணம் என்பது ஓடுவது மட்டுமில்லை: ஜல்லியில் பின்னுக்குத் தள்ளுவது, சரிவில் நிறுத்துவது, மழையில் குறுகிய சந்தில் திருப்புவது எல்லாம் உண்டு. உங்கள் 150 ஏறக்குறைய 140 கிலோ இருக்கும். 400 சிசி வகை 165-லிருந்து 200 வரை போகும், 650 ட்வின்கள் 190-லிருந்து 240 வரை. அதன்மேல் பெட்டிகளும் சாமானும் 25 கிலோ. வாங்குவதற்கு முன் இன்ஜினை அணைத்துவிட்டு, லேசான ஏற்றத்தில் அதைப் பின்னுக்குத் தள்ளிப்பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தின் முன்பகுதியாவது உறுதியாகத் தரையில் பதிகிறதா பாருங்கள். உயரமானவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் சரிவில் எல்லாருமே குள்ளம்தான்.

புது வண்டியின் பழக்கமின்மை எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். ஆனால் அவர்களுடைய மொத்தச் சாலை அனுபவம் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று வருடம். உங்களைப் போலவே. இன்னொன்று, அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள், முறையான பயிற்சி இல்லாதவர்கள். காலம் மாறியிருக்கலாம், நாடு வேறாக இருக்கலாம், ஆனால் நான் நேரில் பார்த்ததும் இதுவேதான். வண்டியை மாற்றிய முதல் சில மாதத்தில் நாம் மறுபடியும் புதியவர்கள்.

காற்றைப் பற்றி ஒரு வரலாறு சொன்னால் விளங்கும். ஹோண்டா 1975-க்கு கோல்ட்விங் என்ற 999 சிசி வண்டியைக் கொண்டுவந்தபோது அதன் முகத்தில் காற்றுத் தடுப்பு எதுவுமில்லை. நான்கு சிலிண்டர், நீர்க்குளிர்ப்பு, செயினுக்குப் பதில் ஷாஃப்ட் டிரைவ் எல்லாம் இருந்தும், வாங்கியவர்கள் வேறு கம்பெனிகளின் ஃபேரிங் என்ற காற்றுத் தடுப்பையும் பெட்டிகளையும் வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1980-ல் ஹோண்டாவே ஃபேரிங்கும் பெட்டியும் பொருத்திய வடிவத்தை விற்கத் தொடங்கியது. இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மார்பில் நாளெல்லாம் காற்று அறைந்தால் மனிதன் களைத்துவிடுகிறான் என்று ஓட்டியவர்களே கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் உயரமான விண்ட்ஷீல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடியின் மேல் விளிம்பில் காற்று சுழலும். அந்தச் சுழல் சரியாக ஹெல்மெட்டில் வந்து விழுந்தால் தலை படபடவென்று ஆடும், அரை மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஆளில்லாத நேர்சாலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் போய்க்கொண்டே, ஃபுட்ரெஸ்டில் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். தலை சுத்தமான காற்றுக்குள் போனதும் இரைச்சல் சட்டென்று சீராகிவிடும். பிறகு சீட்டிலிருந்து குனிந்து பாருங்கள். கீழே போனால் அமைதியா, மேலே வந்தால் அமைதியா என்று தெரிந்தால் கண்ணாடி உயரமாக வேண்டுமா குட்டையாக வேண்டுமா என்பது தெரிந்துவிடும். பலருக்குக் குட்டைக் கண்ணாடியே பொருந்தும். மார்பை மறைத்தால் போதும், தலைக்குச் சீரான காற்று கிடைக்கட்டும்.

காது விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். மணிக்கணக்கில் அதைக் கேட்டால் செவித்திறன் நிரந்தரமாகக் குறையும், அன்றைக்கே களைப்பும் எரிச்சலும் ஏறும். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைத் தக்கையை உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். ஹார்ன் சத்தமும் இன்ஜின் சத்தமும் கேட்கும், காற்றின் அலறல் மட்டும் அடங்கும். செவியை மூடுவது சட்டப்படி கூடாது என்று சில இடங்களில் இருக்கிறது, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்துக்கு வண்டியில் நான் செய்த எந்த மாற்றமும் இந்தத் தக்கை செய்த அளவு செய்யவில்லை.

வெயிலிலும் ஒரு நுணுக்கம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஜாக்கெட்டைத் திறந்து போட்டு ஓட்டுவது உடம்பைக் குளிர்விக்காது. சூடான காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், கூடவே உடம்பைச் சூடாக்கவும் செய்யும். அந்த நேரத்தில் உள்ளே நனைத்த பனியனைப் போட்டு மேலே மூடிக்கொள்வதுதான் சரி. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நிறுத்தும்போதெல்லாம் தண்ணீர்.

சீட் மெத்தென்று இருந்தால் நல்லது என்று தோன்றும். முதல் அரை மணி நேரத்துக்கு அப்படித்தான். மென்மையான ஃபோம் மெல்ல அமுங்கி அடித்தகட்டில் உட்காரவைத்துவிடும். கொஞ்சம் கெட்டியான, அகலமான, தட்டையான சீட்தான் நாளைத் தாங்கும். ஹேண்டில்பார், சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் சேர்ந்த முக்கோணத்தையும் பாருங்கள். முழங்கால் அதிகம் மடங்கினால் இரண்டு மணி நேரத்தில் வலிக்கும். க்ரூஸர்போல் கால் முன்னே நீண்டிருந்தால் பாரம் முழுக்க முதுகெலும்பின் அடியில் விழும், பள்ளத்தில் எழுந்து நிற்கவும் முடியாது. பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர்கீழே, முதுகு லேசாக முன்சாய்ந்து, முழங்கையில் சற்று மடிப்பு இருக்கும் நிலைதான் பெரும்பாலோருக்கு நாளெல்லாம் ஒத்துவரும். பிஎம்டபிள்யூ 1980-ல் ஆர்80ஜி/எஸ் என்ற வண்டியில் கொண்டுவந்த நிமிர்ந்த நிலையை இன்று உலகெங்கும் அட்வென்ச்சர் வண்டிகள் பின்பற்றுவது சும்மா இல்லை. மண்பாதைக்கே போகாதவர்களும் அந்த வகையை வாங்குவது அந்த உட்காரும் வசதிக்காகத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டேங்குக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் போதும், அதற்கு முன்பே உடம்பு நிற்கக் கேட்கும். ட்யூப்லெஸ் டயர் பெரிய நிம்மதி, பஞ்சரை வழியிலேயே சக்கரம் கழற்றாமல் ஒட்டலாம். ஹெட்லைட்டை வாங்கும் முன் இருட்டில் பார்த்துவிடுங்கள். சர்வீஸும் உதிரிபாகங்களும் நீங்கள் போகும் திசையில் கிடைக்குமா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கிலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 2223 என்றால் 2023-ன் 22-வது வாரம். பழைய வண்டி வாங்கினால் முதலில் அதைப் படியுங்கள்.

சாமான் கட்டுவதைச் சுருக்கிவிட முடியாது. எடை கீழே, உடம்புக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டாப் பாக்ஸில் கனமானதை வைத்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்தி, உடம்பை டேங்கோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சாமான் ஏறிய பிறகு பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் முன்னிறுக்கத்தை, கூட்டுங்கள். நீங்களும் சாமானும் ஏறியபின் சஸ்பென்ஷன் அதன் மொத்த நகர்வில் சுமார் 30 சதவீதம் அமர்ந்திருக்க வேண்டும். கூட்டாமல் விட்டால் பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் கண் கூசும், உங்களுக்குச் சாலை தெரியாது. டயர் காற்றையும் பாரத்துக்கான அளவுக்கு ஏற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்த அளவுதான் கணக்கு.

இனி நீங்கள். ஓட்டுபவர் வளராமல் வண்டி மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு, ஒரு நொடியில் சுதாரித்து, உலர்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். 100-ல் சுதாரிக்கும் அந்த ஒரு நொடியிலேயே 28 மீட்டர் போய்விடும், அதற்குப்பின் 55 மீட்டர், ஆக 83. களைத்த மூளை சுதாரிக்க இரண்டு நொடி எடுத்தால் 111. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் முதலில் வந்த அந்த ஏற்பாடு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தாமதமாகக் கண்ட கண்ணுக்கு அது எதுவும் செய்ய முடியாது.

எனவே இப்போதிருக்கும் வண்டியிலேயே, காலியான இடத்தில், மாதம் ஒருமுறையாவது பழகுங்கள். 40 வேகத்தில் வந்து முன் பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு, முன்பக்கம் அமுங்கியதும் அழுத்தத்தை ஏற்றி நிறுத்துவது. வேகத்தில் வலதுபுறம் திரும்ப வலது ஹேண்டிலை முன்னோக்கி மெல்லத் தள்ளுவது. இது முதலில் தலைகீழாகத் தோன்றும், ஆனால் இரண்டு சக்கர வண்டி சாய்வதே அப்படித்தான். உடம்பில் அது ஊறிவிட்டால், வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகும்போது பதற்றம் வராது. பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவீர்கள். இவற்றை ஒரு நல்ல பயிற்றுநரிடம் இரண்டு நாள் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தச் செலவைப் புது வண்டிக்கான கணக்கிலேயே சேர்த்துவையுங்கள்.

தூரத்தையும் படிப்படியாக ஏற்றுங்கள். 280 ஓட்டிவிட்டீர்கள். அடுத்து அதே 280-ஐ வலியில்லாமல் ஓட்டுங்கள். பிறகு இரண்டு நாள் தொடர்ந்து, நாளுக்கு 250. முதல் நாளை உற்சாகமே ஓட்டிவிடும். இரண்டாம் நாள் காலையில் எழுந்து ஹெல்மெட்டைக் கையில் எடுக்கும்போது உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் உண்மையான அளவு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். கியரைத் தப்பாகப் போடுவது, இண்டிகேட்டரை அணைக்க மறப்பது, கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று வையுங்கள். அமெரிக்காவில் அயர்ன் பட் அமைப்பினர் 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்குச் சான்று தருகிறார்கள். அது பல வருடம் உடம்பைப் பழக்கியவர்களின் வேலை. அவர்கள் வேகத்தைவிட, வீணாக நிற்காமல் நிதானமாக ஓடுவதை நம்புகிறவர்கள்.

உங்களுக்கு என் பதில்: இந்த மூன்று பயணமும் முடிந்தபின் நோட்டில் ‘நெடுஞ்சாலையில் இழுவை போதவில்லை, கை அதிர்கிறது’ என்று மீண்டும் மீண்டும் வந்திருந்தால், நிமிர்ந்து உட்காரும் 400 சிசி வகை ஒன்றை எடுங்கள். உங்கள் வண்டியைவிட 40, 50 கிலோதான் கூடும், சில வாரத்தில் பழகிவிடும், எல்லாச் சாலைக்கும் போகும். எப்போதும் பின்னால் ஒருவர் உட்கார்ந்து வருவார், சாமானும் உண்டு, போவது பெரும்பாலும் அகலச் சாலை என்றால் 650 ட்வினுக்கு நியாயம் இருக்கிறது. தனியாகப் போகிறவர் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே நான் முதலாவதைத்தான் சொல்வேன். இரண்டு வருடம் கழித்து 650 ஆசை அப்படியே இருந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். 150-ஐ உடனே விற்றுவிடாதீர்கள், புதியது கைக்குப் பழகும்வரை அன்றாட வேலைக்கு அது இருக்கட்டும்.

ஓட்டிப்பார்க்கப் போகும்போது பத்து நிமிடத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரமாவது கேளுங்கள், கிடைக்காவிட்டால் அதே வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டோடு போங்கள். உங்கள் வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். திரும்பி வந்து இறங்கியதும் கையுறையைக் கழற்றி, வலது கையின் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப்பாருங்கள். நான்கும் தெளிவாகத் தெரிந்தால் விலை பேசலாம்.